பாத்திர மூட்டையும் இட்லி ஹாரனும்

நேற்று இரவு பத்தரை மணிக்கு, மும்பையில் எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. முக்காடு போட்ட, அறுபதைத் தாண்டிய ஒரு பெண். மிரண்ட கண்கள். யாரோ அவர் முகவாயைப் பிடித்துக் கேமராவின் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் அந்த விரல்கள் தெரிகின்றன. கீழே, "பிள்ளை பிடிக்கும் கும்பல் சயானில் இறங்கிவிட்டது. இந்த முகத்தைக் கண்டால் விடாதீர்கள். உங்களுக்கும் குழந்தை இருக்கிறது என்றால் பகிருங்கள்."

எந்தக் குழந்தை காணாமல் போனது, எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மூன்றாவது மாடி அண்ணன் ஒருவர், "உன் பிள்ளை தொலைந்தால்தான் உனக்குத் தெரியும்" என்று எழுதினார். அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

அவருக்குக் குழுவில் பதில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக.

1994. எனக்கு ஒன்பது வயது. தாராவியில், தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும்; ஏழு மணிக்குள் நின்றுவிடும். அந்த நேரத்தில் சந்து முழுவதும் குடமும் கூச்சலுமாக இருக்கும். அன்றைக்குத் தண்ணீர் நின்று குடங்களை உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மகள் நினைவு வந்தது. நான்கு வயது. மஞ்சள் கவுன். இடது காலில் மட்டும் கொலுசு. வலது கால் கொலுசு ஒரு வாரத்துக்கு முன்பே சாக்கடையில் விழுந்து போயிருந்தது.

அரைமணி நேரத்தில் பெரிய பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், தமிழிலும் இந்தியிலும். 1887இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் அது. 1992-93 மும்பை இந்து-முஸ்லிம் கலவரம் ஓய்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எந்த வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கவுன் என்ன நிறம் என்றுதான் கேட்டார்கள். இப்போதும் தாராவியைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுத்தால் எனக்கு அந்த அறிவிப்புதான் காதில் விழும்.

அதே நேரத்தில் எங்கள் சந்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தரும் குஜராத்திக்காரப் பெண் ஒருத்தி மாதம் இருமுறை வருவாள். அன்றும் வந்திருந்தாள். தலையில் பெரிய துணி மூட்டை. "மூட்டைக்குள் என்ன?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். மூட்டையைப் பிடுங்கி உதறினார்கள். கூடையைக் கவிழ்த்தார்கள். கிண்ணமும் தட்டும் கரண்டியும் சாக்கடையில் உருண்டன. தலைமுடியைப் பிடித்து அவளைக் குழாயடி வரைக்கும் இழுத்துப்போனார்கள். என் அம்மா வருடக்கணக்காக அவளோடு பேரம் பேசிச் சிரித்தவள். அன்றைக்கு அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். என் காலடிக்கு உருண்டு வந்த ஒரு டம்ளரை நான் எட்டி உதைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லோரும் கோபமாக இருந்தார்கள், நானும் இருந்தேன்.

குழந்தை கிடைத்தது சயான் ரயில் நிலையப் படிக்கட்டில். கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்து இட்லிக்கார அண்ணாச்சி. விடியும் முன்பே இட்லி அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர். பள்ளிவாசல் அறிவிப்பு அவர் காதில் விழவே இல்லை. குழந்தை தொலைந்த செய்தியே அவருக்குத் தெரியாது. ரப்பர் பந்து வைத்த ஹாரனை வழக்கம்போல் "பாம், பாம்" என்று அழுத்தியிருக்கிறார். ஓர் ஆளின் தோளில் இருந்த குழந்தை சட்டென்று திரும்பி, தினமும் எங்கள் சந்தில் சொல்வதுபோல, "அண்ணாச்சி, எனக்கு இரண்டு" என்றிருக்கிறது.

பிறகு நடந்ததை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த ஆளிடம் "யார் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "என் அக்கா மகள்தான், ஊருக்குக் கூட்டிப்போகிறேன்." "அப்படியா, அக்கா பெயர் என்ன?" அவன் ஒரு பெயர் சொல்லியிருக்கிறான். அது எங்கள் அக்காவின் பெயர் இல்லை. அண்ணாச்சி கத்தவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. "பிள்ளை பசியாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று இரண்டு இட்லியைத் தாளில் வைத்துச் சட்னி ஊற்றி, குழந்தையை வாங்கித் தன் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார். அப்படியே, பூட் பாலிஷ் போடும் பையனுக்குக் கண்ணைக் காட்டி, ரயில்வே போலீஸை அழைத்துவர அனுப்பியிருக்கிறார். போலீஸ் வருவதற்குள் அவன் நழுவிவிட்டான். இரண்டு நாளில் பிடித்தார்கள்.

அவன் யார் தெரியுமா? எங்கள் சந்தில், எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, மாடியில் இரண்டு மாதமாக வாடகைக்கு இருந்தவன். தோல் பட்டறையில் வேலை. எங்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கித் தருவான். எதற்காகத் தூக்கிப்போனான் என்று பெரியவர்கள் எங்கள் காதுபடப் பேசவில்லை.

இந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் முப்பது வருடமாக நான் எல்லாச் செய்தியையும் படிக்கிறேன். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து, அதில் 60 வயதைக் கடந்த ஒரு பாட்டியை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் பெங்களூரு சாம்ராஜ்பேட்டையில், பிழைக்க வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவரைக் கட்டி இழுத்துக் கொன்றார்கள். ஜூலை 1 அன்று நம் மகாராஷ்டிரத்தில், துலே மாவட்டம் ராயின்பாடாவில், ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர். சந்தைக்கு வந்தவர்கள். இவர்களில் ஒருவரும் எந்தக் குழந்தையையும் கடத்தவில்லை.

அந்த நாட்களில் எல்லோர் கைபேசியிலும் ஒரு வீடியோ ஓடியது: மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையை அள்ளிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். கடைசியில் அவர்கள் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, 'கராச்சித் தெருவில் ஒரு பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும்' என்ற பொருளில் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்குமேல் அனுப்பமுடியாதபடி செய்தது.

அக்கம்பக்கம் குழந்தையைக் கண்டுபிடிப்பதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கண்டுபிடிக்கிறது. ஆனால் எப்படி?

அந்தேரியில் நடந்ததை மும்பைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2013 ஜனவரி 22 அன்று பள்ளிக்குப் போன ஏழு வயதுச் சிறுமி வீடு திரும்பவில்லை. குழந்தை இல்லாத ஒரு தம்பதி அவளைக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ராஜேந்திர போஸ்லே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர், 2008க்கும் 2015க்கும் இடையில் காணாமல் போன 166 சிறுமிகளில் 165 பேரைத் தன் குழுவோடு தேடிப்பிடித்தவர். கிடைக்காமல் போன 166ஆவது பெண் இவள்தான். 2015இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் தேடுவதை நிறுத்தவில்லை. 2022 ஆகஸ்ட் 4 அன்று அவள் வீடு வந்து சேர்ந்தாள். தன் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருக்கிறாள்.

வளர்ப்பவர்கள் தன் பெற்றோர் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்தப் பெண் தன் பெயரை இணையத்தில் தேடி, தன்னைக் காணவில்லை என்ற பழைய சுவரொட்டியைப் பார்த்தாள். அவள் வேலைக்குப் போன வீட்டிலேயே வேலை செய்துவந்த ஒரு பெண்மணி துணைக்கு நின்றார். சுவரொட்டியில் ஐந்து தொலைபேசி எண்கள். நான்கு செத்துப்போயிருந்தன. ஐந்தாவது, பழைய பக்கத்து வீட்டுக்காரருடையது. ஒன்பதரை வருடம் கழித்து அந்த எண் அடித்தது, அவர் எடுத்தார், வீடியோ அழைப்பில் தாயும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். அப்பா சில மாதங்களுக்கு முன்புதான் இறந்துபோயிருந்தார்.

அந்த ஐந்தாவது எண்ணைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன். நாம் எத்தனை முறை சிம் மாற்றியிருக்கிறோம்! அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகச் சுவரொட்டியில் போட்ட எண்ணை ஒருவர் அத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். இன்னொரு பக்கம், அதே ஊரில், அதே நடை தூரத்தில், இந்தப் பிள்ளை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் காது கொடுத்துக் கேட்டது வீட்டுவேலைக்கு வந்த ஒரு பெண்மணி. இரண்டும் இதே மும்பைதான்.

மூன்றாவது மாடி அண்ணன் கோபித்துக்கொள்ளாமல் கேட்டால் இன்னும் சில விஷயங்கள் சொல்வேன். "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று எந்தக் காவல் நிலையமும் சொல்லமுடியாது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கவேண்டும். எல்லை எங்களுடையது இல்லை என்றும் தட்டிக்கழிக்கமுடியாது; எந்த நிலையத்திலும் பதியலாம். ஆனால் அழுதுகொண்டிருக்கும் தாய்க்குச் சட்டம் பேச வாய் வராது. போன வருடம் ஒரு நண்பரின் பன்னிரண்டு வயது மகன் காணாமல் போனபோது, "சாயங்காலம் வரை பாருங்கள்" என்று ஒரு நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி நாங்கள் ஆறு பேர் அவர்களோடு போனோம். ஓய்வுபெற்ற மராத்தி வாத்தியார் ஒருவர் முன்னால் நின்று பேசினார். பதிவு செய்தார்கள். அங்கே, வாட்ஸ்அப் குழுவில் வரும் நாற்பது கும்பிடு பொம்மையைவிட ஆறு ஆட்களுக்கு மதிப்பு அதிகம்.

அன்று வேறு பாடமும் படித்தோம். பையனின் படம் கேட்டார்கள். கைபேசியில் இருந்ததெல்லாம் பிறந்தநாளுக்குத் தலைப்பாகை கட்டி மீசை வரைந்த படம். கடைசியில் பள்ளி அடையாள அட்டையைப் படம் பிடித்துக் கொடுத்தோம். கடைக் கேமராக்களில் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் இரண்டு பேர் அன்று மாலையே கடை கடையாக ஏறினார்கள். ஒருவர் வீட்டிலேயே இருந்தார், பையன் தானாகத் திரும்பினால் கதவு பூட்டியிருக்கக்கூடாது என்று. இன்னொருவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தார். 1996இல் இதே மும்பையில், தெருவில் வாழ்ந்த பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் தொடங்கிய எண் அது. இந்தியில் தஸ், நௌ, ஆட் (பத்து, ஒன்பது, எட்டு) என்று இறங்குமுகமாகச் சொல்லிப்பாருங்கள், எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

பையன் மறுநாள் விடியற்காலை குர்லா டெர்மினஸில் கிடைத்தான். தேநீர் விற்பவர் ஒருவர் சந்தேகப்பட்டு ரயில்வே பாதுகாப்புப் படையிடம் சொல்லியிருக்கிறார். கடத்தல் இல்லை, மதிப்பெண் அட்டை. 2018இலிருந்து 2024 மே வரை அந்தப் படை ரயில் நிலையங்களிலும் ரயில்களிலும் மீட்ட குழந்தைகள் 84,119 பேர். ஓடிவந்தவர்கள், தொலைந்தவர்கள், யாரோ கூட்டிவந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. ஓடிவந்த பிள்ளையைக் கூட்டிப்போகத்தான் ஆள் காத்திருக்கிறான் என்பதால் இந்த வகைகளுக்குள் நடைமேடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பையன் வந்துவிட்டான். அவன் படம்? இன்னும் சுற்றுகிறது. போன மாதம் நாக்பூரிலிருந்து ஒருவர் அழைத்து, பார்த்ததாகச் சொன்னார். 'காணவில்லை' என்பதை ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். 'கிடைத்துவிட்டான்' என்பதைப் பகிர்ந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். மீட்கப்பட்ட குழந்தையின் பெயரையும் முகத்தையும் வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை, அந்தேரிப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான். இந்தப் பையன் பள்ளியில் இன்னும் "ஓடிப்போனவன்".

நேற்றைய படத்துக்கு வருகிறேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த அம்மாளின் தோளுக்குப் பின்னால் ஒரு கடைப் பலகை. ஒடியா எழுத்து. சயானில் எந்த மூலையில் இருக்கிறது இந்தக் கடை, அண்ணா?

எங்கள் சந்துக்கு அந்தப் பாத்திரக்காரி அதன்பிறகு வரவில்லை. அன்று குழந்தையை அண்ணாச்சி சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியபோது எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அவள் உட்கார்ந்து பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் குனியவில்லை. அம்மா பழைய புடவைகளையும் அப்பாவின் சட்டைகளையும் வழக்கம்போல் மூட்டை கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்து வேறொரு பாத்திரக்காரி வந்து குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அக்காவே கூப்பிட்டுச் சொல்லியும் அம்மா அந்த மூட்டையை எடுத்துக் கொடுக்கவில்லை. தீபாவளி வரைக்கும் அது அங்கேயே கிடந்தது.