100 மீட்டர் தள்ளி வந்தால் ஏறிவிடலாமா?

"கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலையில் ஏறும்போது, அதில் வரும் வண்டி 100 மீட்டருக்கு அப்பால் இருந்தால் பயமில்லாமல் ஏறலாம்" என்று ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பார்க்க வேண்டியது மீட்டரை அல்ல, விநாடியை.

மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் டவுன் பஸ் அந்த 100 மீட்டரைக் கடக்க 9 விநாடி ஆகும். நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டரில் வரும் காருக்கு 3.6 விநாடி போதும். நீங்கள் கிளட்சை விட்டு வண்டியை நகர்த்துவதற்குள் அது உங்கள் கதவருகே வந்துவிடும். நின்ற நிலையிலிருந்து கிளம்பி, இருவழிச் சாலையைக் குறுக்கே கடந்து திரும்பும் காருக்கு 7.5 விநாடி இடைவெளி வேண்டும் என்று அமெரிக்கச் சாலை வடிவமைப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். டிரெய்லர் லாரிக்கோ 11.5 விநாடி.

அந்தக் குறிப்பின் அடுத்த வரி இன்னும் மோசம்: "பைக் என்றால் 50 மீட்டரே போதும்." சிறிய உருவம் தாமதமாக வந்து சேரும் என்றுதான் கண்ணுக்குத் தோன்றும். ஏற்கெனவே ஏமாறும் கண்ணுக்கு இப்படி ஒரு சலுகை வேறா? இரவில் ஒற்றை விளக்கை மட்டும் பார்த்து வேகத்தை ஊகிப்பது அதைவிடக் கடினம். (ஒரு விளக்கு எரியாத லாரியும் தூரத்தில் பைக் போலத்தான் தெரியும்.)

எதிரில் வருபவர் முகப்பு விளக்கை மின்னினால் வழிவிடுகிறார் என்றும் அந்தக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். நம் சாலைகளில் அதற்குப் பெரும்பாலும் நேர்மாறான பொருள்: "நான் வருகிறேன், நில்."