பார்த்தீர்கள், படிக்கவில்லை

நம் வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள்களாக இருந்தேன். அங்கே வந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியும்; வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். அடுத்த ஆண்டு மாதத்துக்கு ஒன்றாக விவாதிக்கவிருக்கும் பன்னிரண்டு நாவல்களின் பட்டியலில் நான் சேர்த்திருந்த, படங்களால் கதை சொல்லும் ‘மௌஸ்’ என்ற கிராஃபிக் நாவலின் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, “பொம்மைப் புத்தகத்துக்கு ஒரு மாதத்தை வீணாக்க முடியாது, சிறுவர் பகுதியில் வைத்துக்கொள்ளலாம்” என்று ஒரு மூத்த நண்பர் சொன்னார். பெயரை அடித்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்து, சீட்டுக்கட்டைப் போலக் கட்டைவிரலால் ஒரு முறை விர்ரென்று புரட்டி, அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அதை அவர் கீழே வைத்த விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். படிக்கவில்லை. நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். படம் இருக்கிறது என்பதற்காக ஒரு கிராஃபிக் நாவலைப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதையும் படிக்கத்தான் வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலந்து யூதரான தன் தந்தை விளாடெக், ஹிட்லரின் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட கதையை, நியூயார்க்கில் அவரருகே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஆர்ட் ஸ்பீகல்மேன் வரைந்தார். 1980இல் தொடராக வரத் தொடங்கியது. முதல் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் நூலாயின. படத்தில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. விருது வாங்கியதால் அது இலக்கியமாகிவிட்டது என்று நான் வாதாட மாட்டேன். விருதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஒரு படக் கட்டத்தைச் சொல்கிறேன். விளாடெக்கும் மனைவி ஆன்யாவும் ஒளிந்திருந்த இடத்தை விட்டு வெளியேறி, போக்கிடம் தெரியாமல் நடக்கிறார்கள். இரண்டு சிறிய உருவங்கள், முன்னால் பிரிந்து செல்லும் பாதைகள், பட்ட மரங்கள். முதல் முறை படித்தபோது ‘பாவம், எங்கே போவார்கள்’ என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். இரண்டாம் முறைதான் அந்தப் பாதைகள் நாஜிகளின் ஸ்வஸ்திகா வடிவத்தில் வளைந்து கிடப்பதைக் கண்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்கள் நடந்தாக வேண்டியது அந்தச் சின்னத்தின் மேல்தான். இன்னும் சில பக்கங்கள் தள்ளி, போலந்துக்காரர்களைப் போல நடமாடுவதற்காக இருவரும் பன்றி முகமூடி கட்டிக்கொள்கிறார்கள். ஆன்யாவின் வால் மட்டும் வெளியே தெரிகிறது. யூதப் பெண் என்று அவளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்ற அச்சத்தை ஒரு வால் சொல்லிவிடுகிறது. கட்டைவிரலால் புரட்டியவருக்கு அந்த வால் எப்படித் தெரியும்?

“எழுத்து வாசகனின் கற்பனைக்கு இடம் கொடுக்கும், படம் அந்த இடத்தை அடைத்துவிடும்” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், பலர் தலையசைத்தார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கும் வாதம் இது. நானும் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். ஆனால் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறதே, அதற்குள் நடப்பதை யார் வரைகிறார்கள்? கதவைத் தட்டும் கை ஒரு கட்டத்தில். காலியான அறை அடுத்ததில். நடுவில் நடந்த கொடுமை முழுவதையும் வாசகர்தான் தன் மனத்தில் நடத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலின் முடிவை நினைத்துப் பாருங்கள். கலவர நாளில் ஓடிவந்து ஒரு வீட்டுக்குள் நுழையும் சந்திரசேகரன் முன்னால், தன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சிறுமி உடையைக் களைந்து நிற்கிறாள். அவன் தப்பித்து ஓடுகிறான். விளக்கம் கிடையாது, அழுகை கிடையாது. சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் நாம் இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறோம். அந்த நாவலை உயிராக நேசிப்பதால்தான் ‘மௌஸ்’ நூலையும் நேசிக்கிறேன். இரண்டும் என்னிடம் கேட்பது ஒரே பொறுமையைத்தான்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறீர்கள். பார்த்தால் முடிந்துவிடும். படித்தால் முடியாது.

விலை அதிகம் என்றும் சொல்கிறீர்கள். அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவு பெரிய துயரத்தைப் படக்கதையாக்குவது இறந்தவர்களை அவமதிப்பதாகாதா என்று ஒரு தோழி தனியாகக் கேட்டார். இந்தக் கேள்வியில் நேர்மை இருக்கிறது. அதனால் இதற்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன். பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலாக் வரைந்து 2019இல் வந்த ‘வன்னி’ என்ற கிராஃபிக் நாவலை அவருக்குத் தருகிறேன். டிக்ஸ் ஐ.நா. ஊழியராக இலங்கையின் வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. அங்கிருந்து வெளியேறியபோது தானும் வெளியேற நேர்ந்தவர். சுனாமியில் தொடங்கி இறுதிப் போர்வரை ஒரு குடும்பம் இடம் மாறி இடம் மாறி ஓடுவதுதான் கதை. அந்தப் போரைப் பற்றி எவ்வளவோ கட்டுரை படித்திருக்கிறேன். ‘பதுங்கு குழி’ என்ற சொல்லை எத்தனை முறை கடந்து போயிருப்பேன் என்று கணக்கில்லை. வரைந்து காட்டிய பிறகுதான் அது மண்ணைத் தோண்டிய ஒரு பள்ளம் என்பதும், அதற்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் உடம்பில் உறைத்தது. அந்த நூலை ஒரே மூச்சில் என்னால் படிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டு, மறுநாள்தான் திரும்ப எடுத்தேன். அவமதிப்பு இப்படி இருக்காது.

படக்கதை என்ற சொல்லே எனக்கு இழிவாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியில் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் தெற்கத்திச் சீமையில் எத்தனை பேர் இரும்புக்கை மாயாவி வழியாக வாசிக்கப் பழகினார்கள்! அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பீமாயண’த்தில் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு பழங்குடி ஓவிய மரபில் வரைந்த படங்களைப் பாருங்கள். அன்பாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை வடிவக் குமிழில் வருகின்றன. தீண்டாமை பேசுகிறவர்களின் சொற்களுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கிறது. தண்ணீர் கேட்ட சிறுவன் அம்பேத்கரிடம் பேசப்பட்ட சொல் கொட்டுவதைக் கண்ணாலேயே காண்கிறோம்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். என் அம்மா 2013இல் காலமானார். பால், மளிகை, சீட்டுக் கணக்கு எழுதிய ஒன்பது நோட்டுகள் அவரிடம் இருந்தன. கணக்குக்குக் கீழே, அன்றைக்கு மனத்தில் பட்டதை ஒரு வரி எழுதிவைப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது, அப்பா அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். அன்று அப்பாவை நான் ஒரு சொல் சொன்னேன். அதன் பிறகு அந்த நோட்டுகளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் படுக்கையில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு ‘மௌஸ்’ முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். ஆன்யா தற்கொலை செய்துகொண்ட பிறகு அவளுடைய குறிப்பேடுகளைத் தானே எரித்துவிட்டதாக விளாடெக் ஒப்புக்கொள்கிறார். நினைவுகள் தாங்கவில்லை என்கிறார். மகன் கத்துகிறான், பிறகு வெளியே நடக்கிறான். கடைசியில் ‘கொலைகாரர்’ என்ற ஒரு சொல் மட்டும். அப்பாவிடம் நான் சொன்ன சொல் அது இல்லை. ஆனால் அதற்கு வெகுதூரத்திலும் இல்லை. விடியும்வரை நான் தூங்கவில்லை.

சென்ற ஆண்டு, கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் இருந்த அப்பாவுக்கு நான்கு மாலைகள் அந்தப் பாகத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன். எலி எதற்கு என்று முதல் நாள் கேட்டார். இரண்டாம் நாளிலிருந்து கேட்கவில்லை. அந்த இடம் வந்ததும் முந்தைய பக்கத்துக்குத் திருப்பச் சொன்னார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்துக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தார். “எடைக்குப் போடுவதற்கு முன்னால் நானும் பிரித்துப் பார்த்தேன். ‘இன்று மழை, துணி காயவில்லை’ என்று ஒரு நாள் உன் அம்மா எழுதியிருந்தாள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை” என்றார். அம்மாவின் நோட்டுகளிலிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். அதை எனக்கு மீட்டுக் கொடுத்த புத்தகத்தைத்தான் பொம்மைப் புத்தகம் என்று தள்ளினீர்கள்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மாவட்டக் கல்வி வாரியம், இதே நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து பத்துக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் நீக்கியது. அங்கே பிள்ளைகளுக்கு ஆகாது என்று எடுத்தார்கள். இங்கே பிள்ளைகளுக்குத்தான் ஆகும் என்று ஒதுக்குகிறோம். இரண்டு இடத்திலும் அந்த நூலுக்குக் கதவு மூடியிருக்கிறது.

என்னைச் சொன்னதை நான் தாங்கிக்கொள்வேன். பதினொரு ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் நாற்காலி எடுத்துப் போட்டு, கூட்டக் குறிப்பு எழுதி வருகிறவள், ஒரு சொல்லுக்காக ஓடிவிட மாட்டேன். ஆனால் போன கோடையில் ஒரு கல்லூரி மாணவி மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ கிராஃபிக் நாவலைப் பற்றிப் பேச வந்தாள், நினைவிருக்கிறதா? முதல் பக்கத்தில் ஈரானியப் பள்ளிச் சிறுமிகள் முக்காடு அணிந்து வரிசையாக இருக்கும் வகுப்புப் படத்தில், கதை சொல்லும் சிறுமி மட்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பதைக் காட்டி, “தன் கதையிலேயே அவளுக்கு முழுதாக இடம் கிடைக்கவில்லை” என்றாள். அவ்வளவு நுட்பமாகப் படித்திருந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் அதற்குப் பிறகு வரவில்லை. அன்று எழுந்து பேசாமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னை அதிகமாக உறுத்துகிறது.

ஐயா, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலை முதன்முதலில் என் கையில் கொடுத்தவரே நீங்கள்தான். நாற்பது பக்கம் படித்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று வந்து நின்றேன். “நடக்கிறது, மெதுவாகப் படி” என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். அந்தச் சொல்லைக் கொண்டுதான் இத்தனை ஆண்டுகளாக எல்லாவற்றையும் படிக்கிறேன். ‘மௌஸ்’ நூலையும் அப்படித்தான் படித்தேன்.

அந்த மாணவியின் வீட்டுக்கு நேற்றுப் போய்விட்டு வந்தேன். அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். புத்தகம் என் பையில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறேன். பாதைகள் பிரியும் அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்திருக்கிறேன், ஐயா. அங்கிருந்து தொடங்கினாலும் சரி.