தினமும் ஆஸ்பிரின் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒற்றைத் தலைவலி வராதா?

"பள்ளிக்குப் புறப்படும் முன் தினமும் அரை ஆஸ்பிரின் கொடுத்தால் பிள்ளைக்கு ஒற்றைத் தலைவலியே வராது" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது, ஆபத்தானதும்கூட. காய்ச்சலோ அம்மையோ கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், அரிதாக, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரக்கூடும். வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுங்கினால் அதுவே தலைவலியை வளர்க்கக்கூடும். 8 முதல் 17 வயதுள்ளோரிடம் நடத்தப்பட்டு, 2017இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், தடுப்புக்கென மருத்துவர்கள் எழுதித்தரும் அமிட்ரிப்டிலின், டோபிராமேட் ஆகியவைகூட மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் தரவில்லை. அந்த இதழின் தளத்திலேயே இதைச் சரிபார்க்கலாம். வெறும் வயிற்றோடு பேருந்துக்கு ஓடுவதையும், மாலையில் நிறைந்தபடியே வீடு திரும்பும் தண்ணீர் பாட்டிலையும் முதலில் கவனியுங்கள். வலி வந்த நாட்களைக் குறித்துவைத்துக் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.