வெளிச்சமே வேணாம்னு நம்பி வாங்காதீங்க

வீட்டுக்குள்ள வைக்கிற ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் பிளான்ட்ங்கற செடிங்க ரெண்டுக்கும் வெளிச்சமே வேணாம், ஜன்னல் இல்லாத ரூம்லயும் வளரும்னு சில பேர் சொல்றாங்க, தப்புங்க அது. கம்மி வெளிச்சத்த தாங்கும், அவ்ளோதான். இசட்இசட்ட தொட்டிலேருந்து எடுத்துப் பாருங்க, மண்ணுக்குள்ள உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு இருக்கும், அதுல சேத்து வச்ச சத்துலதான் இருட்டுல மாசக்கணக்கா பச்சையா நிக்குது, நாம நல்லா வளருதுன்னு நெனச்சுக்கறோம், ஆனா புதுக் குருத்து வர்றது அபூர்வம். இதுல அடிக்கடி தண்ணி வேற ஊத்துனா கிழங்கு அழுகிடும், பாவம். பகல்ல லைட் போடாம பேப்பர் படிக்க முடியற எடமா பாத்து வைங்க, மண்ணு நல்லா காஞ்சப்புறம் மட்டும் தண்ணி. ஜன்னலே இல்லன்னா எல்இடி லைட்ட செடிக்கு ஒரு அடி மேல வச்சு தெனம் 12 மணி நேரம் எரிய விடுங்க, வளரும்.