"கொஞ்சம் தாழ்வா வந்துற வேண்டியதுதானே?"

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் எழுதியிருக்கிறார்: "லாரியில ஏத்துன சோபா கிரகப்பிரவேசத்துக்கு வந்துருச்சு, பிளேன்ல ஏறுன மாப்ள வரல." கீழே பதினாலு சிரிப்புப் பொம்மைகள். பெரியம்மாவும் ஒன்று போட்டிருக்கிறார். சரி, இனி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

கிரகப்பிரவேசம் அட்லாண்டாவில். அமெரிக்காவின் இன்னொரு பக்கம், டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஆஸ்டினிலிருந்து அது கிட்டத்தட்ட 700 கடல் மைல். நானே ஓட்டும் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்துக்கு ஆறு, ஏழு மணி நேரம், நடுவில் ஒருமுறை பெட்ரோல். வானம் விட்டால்தான் அதெல்லாம். ஜனவரியில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று, தரையோடு கிடக்கும் குளிர்காற்றின் மேல் ஏறிப் படுத்துவிட்டால் லூசியானாவிலிருந்து அலபாமா வரை ஒரே சாம்பல் கூரைதான். நாள்கணக்கில் நகராது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாட்செஸ் என்ற ஊரில் பெட்ரோல் போட இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் கூரை மூடிவிட்டது. மூன்று நாள் அங்கேயே கிடந்தோம்.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலை. ஓடுபாதை ஓரத்துக் காற்றுப்பை, பிழியாத துண்டு மாதிரி கம்பத்தோடு ஒட்டித் தொங்குகிறது. இறக்கையின் அடியில் நீர் முத்து முத்தாக நின்று சொட்டுகிறது. வானிலைக்குப் போன் போட்டால் பதிவுக் குரல் சொல்கிறது: முழு மேகம், 600 அடி. நான் கண்ணால் பார்த்து ஓட்டும் லைசென்ஸ்காரன், மேகத்துக்குள் நுழைய எனக்கு அனுமதி கிடையாது.

அப்போதுதான் மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க வெயில் சுள்ளுனு அடிக்குது, கிளம்புங்க."

அட்லாண்டாவில் அடிக்கிறது! நடுவில் அலபாமா முழுக்க இருக்கிறதே!

"பெரிய பிளேன் எல்லாம் போகுதே?"

அது 35,000 அடியில், இந்த மேகத்துக்கெல்லாம் மேலே போகிறது. இறக்கையில் படியும் பனிக்கட்டியை உதற அதில் வசதி இருக்கிறது. என்னுடையதில் இல்லை.

"அப்ப மேகத்துக்குக் கீழயே கொஞ்சம் தாழ்வா வந்துற வேண்டியதுதானே?"

தாழ்வாகவா? 600 அடிக்குக் கீழேயா? மிசிசிப்பியில் 2,000 அடியை நெருங்கும் டிவி கோபுரம் நிற்கிறது. உச்சி மேகத்துக்குள் மறைந்திருக்கும், அதை இழுத்துக் கட்டிய கம்பியோ மோதுகிற வரை கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் உட்காரப் போவது யார்? அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி!

பதினோரு மணிக்கு மாமியார், பன்னிரண்டுக்கு மாமா, ஒன்றரைக்கு மறுபடி மச்சான். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எப்பக் கிளம்புறீங்க?" ஐந்தாவது முறை மணி அடித்தபோது என் மனைவி போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது.

அந்தக் கேள்விதான் ஆளைக் கொல்லும். 1954ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் மேகத்துக்குள் ஓட்டிப் பழகாத 20 பேரை, வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். மூன்று நிமிடம்கூட இல்லை. 1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன், இரவு நேரத்தில் புகைமூட்டமான கடலுக்கு மேலே மேல் எது கீழ் எது என்று தெரியாமல், தான் ஓட்டிய விமானத்தோடு விழுந்தார். கூடவே மனைவி, மனைவியின் அக்கா. எங்கே போய்க்கொண்டிருந்தார் தெரியுமா? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு!

ஓட்டுகிறவன் போக முடியாது என்று சொன்னால் முடியாதுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச யாருக்கும் உரிமை இல்லை. மறுபடி இதே வானம் வந்தால் மறுபடியும் நாட்செஸிலேயே கிடப்பேன்.

நான்காம் நாள் வெளுத்தது, போய்ச் சேர்ந்தோம். வாசலில் மாவிலைத் தோரணம் சருகாகிக் கிடந்தது. மூன்று நாளும் இயந்திரத்தில் காசு போட்டால் விழும் கடலை பிஸ்கட்டைத் தின்று வந்திருக்கிறோம். இருநூறு அதிரசம் சுட்டார்களாம். தங்கச்சிக்கென்று ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை.