கொம்பனித்தெருவில் மனிதர்கள் வாழ்ந்தார்கள்

கொழும்பின் கொம்பனித்தெரு வரலாற்றைச் சொல்வதாக ஒரு தம்பி பதிவேற்றிய காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்தர் காலத்து ஆபிரிக்க அடிமைகள், முதலைகள் திரிந்த பேர வாவி, அங்கிருந்து ஒரே தாவலில் இன்றைய அடுக்குமாடிகள். இடைப்பட்ட காலம் முழுவதையும் ‘சேரி’ என்று சொல்லி அந்தத் தம்பி கடந்துவிட்டார்.

அந்த இடைப்பட்ட காலம்தான் கொம்பனித்தெரு. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் படைக்குச் சேர்த்த மலாயர்களின் குடும்பங்கள் அங்கே வேரூன்றின. வேகந்தப் பள்ளிவாசல் 1786 இல் எழுந்தது. 1869 இல் கொழும்பிலிருந்து மலாய் மொழியில் ஒரு பத்திரிகையே வெளிவந்தது. 1872 இல் மலாயர் கிரிக்கெட் கழகத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு, அவர்கள் பணியாற்றிய இலங்கை ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்ட பிறகும் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. கியூ வீதியில் முருகன் கோயில் மணி கேட்கும் தூரத்திலேயே பள்ளிவாசலின் பாங்கும் கேட்கும். இவற்றில் ஒன்றுகூடவா கண்ணில் படவில்லை?

என் பள்ளித் தோழியின் வீடு அங்கேதான் இருந்தது. பெருநாளுக்கு முதல் நாள் அவளுடைய உம்மா முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்து, மாட்டு வயிற்றைச் சுடுநீரில் போட்டுக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி வெளுப்பாக்குவார். மறுநாள் பிட்டும் பாபத்தும் (அந்த மாட்டு வயிற்றுக் கறி) சிங்களவர், தமிழர் என்று பாராமல் ஒழுங்கை முழுவதற்கும் போகும். பிறகு அந்த வீட்டையும் இடித்தார்கள்.

“ஒழுங்கான கழிவறைகூட இல்லாத வீடுகள்தானே, மாடியில் நல்ல வீடு கிடைத்ததே” என்று சிலர் எழுதுவீர்கள். கழிவறைக்கு வரிசையில் நின்றது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் லிஃப்ட் பழுதான நாட்களில் மூட்டுவலியோடு கீழே இறங்க முடியாமல், பக்கத்து வீட்டார் யாரென்றும் தெரியாமல் அந்த உம்மா இருப்பதைப் பார்த்தவர்கள் இதை அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு உனக்கென்ன என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: அந்த வீட்டில் நான் சோறு தின்றிருக்கிறேன்.

2010 மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது இந்த நகரத்தில் பேசியவர்கள் சொற்பம். இப்போது அங்கே வாழ்ந்தவர்களை வரலாற்றிலிருந்தும் எடுத்துவிட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது என்ன? தம்பி, காணொளியில் ‘சேரி’ என்று சொல்லும் இடத்தை நீக்கிவிடுங்கள். ரைபிள் வீதியில் இன்னும் கதவுகள் இருக்கின்றன. ஒன்றைத் தட்டி, உள்ளே இருப்பவரைப் பேசவிட்டுத் திரும்பவும் பதிவேற்றுங்கள்.