குதிப்பதற்கு எதற்குக் கோச்?

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு விழா மேடையில் நடந்ததை நான் முழுவதுமாகத் திரும்ப எழுதப்போவதில்லை. பலகையிலிருந்து கரணமடித்துத் தண்ணீரில் பாயும் டைவிங் பயிற்சியை எங்கள் கல்லூரி நிறுத்திவிட்டது. அதைப் பற்றி மேடையில் பேசியவரின் ஒரே ஒரு வாக்கியம் மூன்று நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. “தண்ணீரில் குதிப்பதற்கு எதற்குக் கோச்? நம் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து குதிக்கிறார்களே!” கூட்டம் சிரித்தது. அந்தக் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் டைவிங் கற்றுக்கொடுத்த எங்கள் மாஸ்டர் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

நான் கடலூர்க் கடற்கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்துப் பெண். பேச எனக்கு உரிமை இருக்கிறது. ஆமாம், குதித்தோம். படகு விளிம்பிலிருந்து குதித்தோம், கெடிலம் முகத்துவாரத்தில் குதித்தோம், பல்டி அடித்தோம். அந்தத் துணிச்சலோடுதான் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் மூன்று மீட்டர் பலகையில் ஏறினேன். வயிறு அடிபட விழுந்தேன். இரண்டு நாள் வயிறு சிவந்து கிடந்தது, சோறு இறங்கவில்லை. குதிப்பது வேறு, டைவிங் வேறு என்பதை என் வயிறுதான் எனக்கு முதலில் சொன்னது.

மேடையில் பேசியவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து வருகிறவர் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தை அல்ல, தரை. மேலிருந்து தண்ணீருக்கு வர ஒன்றரை நொடிதான் ஆகும். அதற்குள் சுழல வேண்டும், எங்கே இருக்கிறோம் என்று கண்ணால் பிடிக்க வேண்டும், உடலை நீட்ட வேண்டும், ஒரு கையால் மறு கையைப் பற்றி உள்ளங்கையைத் தட்டையாக்கித் தண்ணீரில் ஓட்டை போட வேண்டும். 103பி என்று ஒரு டைவ். முன்னோக்கி ஒன்றரைக் கரணம், முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் மடித்து. அதில் உடலை எப்போது விரிப்பது என்று சுழல்கிறவருக்குத் தொடக்கத்தில் தெரியவே தெரியாது. கீழே நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். மாஸ்டர் “விரி!” என்று கத்துவார். அந்த ஒரு சொல் கண் இமைக்கும் நேரம் பிந்தினால் என் முதுகு தண்ணீரில் அறையும். நான் பயிற்சி எடுத்த ஆண்டுகளில் அவர் ஒரு தடவைகூடப் பிந்தவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி. மேலிருந்து பார்த்தால் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்றே பிடிபடாது. அதனால்தான் பெரிய போட்டிகளில் தண்ணீரைப் பீய்ச்சிச் சலனம் உண்டாக்குகிறார்கள். எங்கள் குளத்தில் அந்த வசதி எல்லாம் கிடையாது. மாஸ்டர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைத் தன் பணத்தில் வாங்கிவந்து, ஒவ்வொரு டைவுக்கும் தானே நின்று பீய்ச்சினார். வெயிலில், மழையில், இருபத்தாறு ஆண்டுகள்.

அது வேலை. பொழுதுபோக்கு அல்ல, சேவை அல்ல, வேலை. அந்த வேலைக்குக் கடைசி வரைக்கும் தொகுப்பூதியம்தான். காலை ஐந்து மணிக்குக் குளம், பகலில் ஓர் உர மண்டியில் கணக்கு எழுதுவது, மாலையில் மறுபடியும் குளம். அமெரிக்கக் கல்லூரிகளில் நீச்சலுக்கு ஒரு கோச், டைவிங்குக்குத் தனியாக ஒரு கோச். இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஹோபி பில்லிங்ஸ்லி 1959 முதல் 1989 வரை டைவிங் மட்டுமே கற்றுக்கொடுத்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் நடுவர்கள் சார்பில் உறுதிமொழி எடுக்க அவரைத்தான் அழைத்தார்கள். எங்கள் மாஸ்டருக்கு உறுதிமொழி வேண்டாம், ஒரு நாற்காலி போதும்.

“அங்கே பணம் இருக்கிறது, இங்கே எங்கே?” என்று கேட்பீர்கள். ரப்பர் குழாய்க்கு எவ்வளவு பணம் வேண்டும்?

“நான்கு மாணவர்களுக்கு ஒரு கோச்சா?” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான்கு பேர்தான் வந்தார்கள், ஏனென்றால் பலகை ஒன்றுதான் இருந்தது. உயரமான டைவிங் மேடையைப் பார்க்கவே நாங்கள் வேளச்சேரிக்கு நான்கு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது.

“ஆபத்தான விளையாட்டு, நிறுத்தியது நல்லதுதான்” என்கிறவர்களுக்குச் சற்று நீளமாகவே சொல்கிறேன். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கிரெக் லூகானிஸ் பலகையில் தலையை மோதிக்கொண்டார். உலகத்திலேயே சிறந்தவருக்கே அது நடந்தது. தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து தங்கம் வென்றார். ஆபத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தானே கோச்? பலகையைக் கழற்றிவிட்டால் பிள்ளைகள் குதிப்பதை நிறுத்திவிடுவார்களா? கிணற்றிலும் கல்குவாரியிலும் போய்க் குதிப்பார்கள். ஆழம் பார்த்துச் சொல்ல அங்கே யார் நிற்பார்கள்? ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செய்தித்தாளில் வருகிற அந்தச் சின்னப் பெட்டிச் செய்திகளை நீங்கள் படிப்பதே இல்லையா?

எழுத எழுதக் கோபம் ஏறுகிறது. அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீச்சல் உடை போட வேண்டும் என்றதும் அப்பா முடியாது என்றுவிட்டார். மாஸ்டர் எங்கள் ஊருக்கே வந்தார். கரையில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். “அண்ணே, புது ஆளை முதல் தடவை கடலுக்குக் கூட்டிப்போனால் படகில் எங்கே உட்காரவைப்பீர்கள்?” என்று கேட்டார். “என் கண்ணுக்கு முன்னால்” என்றார் அப்பா. “நானும் அப்படித்தான் பார்த்துக்கொள்வேன்” என்றார் மாஸ்டர். அதற்குமேல் பேச்சே நடக்கவில்லை. மறுநாள் அப்பாவே சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

குளத்தில் தண்ணீர் மாற்றும் நாட்களில் சில்வர் பீச் மணலில் பள்ளம் தோண்டிப் பயிற்சி. ஏன் மணல் என்று கேட்டபோதுதான் சாமி லீயின் கதையைச் சொன்னார். கொரிய வம்சாவளி அமெரிக்கர். வெள்ளையர் அல்லாதவர்களை வாரத்தில் ஒரே நாள்தான் குளத்துக்குள் விடுவார்கள் என்பதால், மற்ற நாட்களில் மணற்குழியில் குதித்துப் பழகியவர். 1948, 1952 ஒலிம்பிக்குகளில் பத்து மீட்டரில் தங்கம் வென்றார், மருத்துவராகவும் ஆனார். 1976இல் இளம் லூகானிஸ் வெள்ளி வென்றபோது அவருக்குக் கோச் இவர்தான். “மணல் நம்மிடம் நிறையவே இருக்கிறதே” என்று மாஸ்டர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நான் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. மூன்றாம் ஆண்டில் தோள் போய்விட்டது. “பதக்கம் எங்கே?” என்று கேட்கிறவர்களிடம் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. என்னோடு படித்த ஒருவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்று அரசு வேலையில் இருக்கிறார். அன்று மேடைக்குக் கீழே முதல் வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்தார். சிரித்தாரா என்று வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும்.

நேற்று மாஸ்டரைத் தொலைபேசியில் அழைத்தேன். மேடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரப்பர் குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாராம், முருங்கைக்குத் தண்ணீர் விடுகிறாராம்.

வரும் சனிக்கிழமை மாலை பழைய மாணவர்கள் ஆறு பேர் மஞ்சக்குப்பத்தில் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போகிறோம். வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். பொன்னாடை கொண்டுவர வேண்டாம். அன்று சிரித்தவர்களும் வரலாம்.